சாவி இருக்கிறது, வீடு ஞாபகமில்லை



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், எங்கள் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய் நிற்கிறார். கையில் ஒரு கதைப் புத்தகம்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க. எம் மவ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதையேதான் படிக்கிறா. இதுல எவனோ மண்டையில அடிபட்டு, கட்டின பொண்டாட்டியையே மறந்துட்டானாம். அதுக்கு இவ அழுவுறா. எஸ்.பி.எம். பரீட்சை வருது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா."

அந்தப் பெண் என்னிடம் படித்தவள். இப்போது ஐந்தாம் படிவம். "சரி, புத்தகத்தை வைத்துவிட்டுப் போங்கள்" என்றேன். பெரியவர்கள் பிடுங்கி வந்த புத்தகத்தை ஆசிரியர் படிப்பது என்பது எங்கள் தொழிலில் நெடுநாளாக உள்ள வழக்கம். அன்றிரவே பாதிக்கு மேல் படித்துவிட்டேன். நோட்டுகள் திங்கட்கிழமைதான் திருத்தப்பட்டன.

கதை என்ன? ஒரு விபத்து. கதாநாயகனுக்கு நினைவு தப்பிவிடுகிறது. தன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு பெண் அவனைக் காப்பாற்றுகிறாள், அன்பு வளர்கிறது. அவன் குடும்பத்தில் யாரோ எதையோ மறைக்கிறார்கள். பழைய புகைப்படம், பூட்டிய அறை, வாய் திறக்காத வேலைக்காரி. நம் பெண்கள் இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பார்கள். நானும்தான்!

இந்தக் கதை நேற்று முளைத்ததல்ல. சகுந்தலை கதை நம் எல்லாருக்கும் தெரியும். துர்வாச முனிவரின் சாபத்தால் துஷ்யந்த மகாராஜா அவளை மறந்துபோகிறான். அடையாள மோதிரம் ஆற்றில் விழுகிறது. மீன் வயிற்றிலிருந்து மோதிரம் கிடைத்ததும் நினைவு திரும்புகிறது. இது காளிதாசன் எழுதிய நாடகம். ஆனால் அவருக்கும் முந்திய மகாபாரதத்தில் இந்தக் கதை எப்படி இருக்கிறது தெரியுமா? அங்கே சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை, மீனும் இல்லை. ராஜாவுக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிள்ளையோடு வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து, சபை நடுவே, "உன்னை எனக்குத் தெரியாது" என்கிறான். வானத்திலிருந்து அசரீரி கேட்ட பிறகுதான், "தெரியும், ஊர் சந்தேகப்படக் கூடாதே என்று அப்படிச் சொன்னேன்" என்று ஏற்றுக்கொள்கிறான். காளிதாசனுக்குத் தம் கதாநாயகனைக் கெட்டவனாகக் காட்ட மனம் வரவில்லை போலும். மறதியைக் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்.

எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் இதைச் சொன்னேன். "மகாபாரதக் கதைதான் நெசம் டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

மறதிக் காதல் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் ஆங்கில நாவல். ஜேம்ஸ் ஹில்டன் எழுதிய 'ரேண்டம் ஹார்வெஸ்ட்'. 1941இல் வந்தது. மறு வருடமே அமெரிக்காவில் படமாக எடுத்தார்கள். ரொனால்ட் கோல்மனும் கிரீர் கார்சனும் நடித்தார்கள். படத்தின் கதையை முதலில் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் உலகப் போரில் அடிபட்ட ஒரு சிப்பாய். தான் யாரென்று தெரியாமல் ஒரு மனநோய் மருத்துவமனையில் கிடக்கிறான். 1918 நவம்பரில் போர் முடிந்த நாளன்று, காவல்காரர்கள் கொண்டாட்டத்தில் இருக்கும்போது, மூடுபனியில் வெளியே நடந்து வந்துவிடுகிறான். நாடகக் கொட்டகையில் ஆடிப் பாடும் போலா என்ற பெண் அவனைப் பார்க்கிறாள். ஸ்மித் என்று யாரோ வைத்த பெயரை 'ஸ்மித்தி' என்று செல்லமாக்கிக் கூப்பிடுகிறாள். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு, கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் குடியிருக்கிறார்கள். குழந்தையும் பிறக்கிறது. அவன் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறான். ஒரு பத்திரிகையில் வேலை கிடைக்கும் என்று லிவர்பூலுக்குப் போனவன், தெருவில் ஒரு வாடகைக் காடி மோதி விழுகிறான். எழுந்தால், பழைய நினைவு முழுதும் வந்துவிட்டது! தான் சார்லஸ் ரெய்னியர் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. ஆனால் இடையில் வாழ்ந்த வாழ்க்கை, மனைவி, குழந்தை, அந்தச் சின்ன வீடு எல்லாம் துடைத்தாற்போல் போய்விட்டன. சட்டைப் பையில் ஒரு சாவி மட்டும் இருக்கிறது. எந்தக் கதவின் சாவி என்று அவனுக்குத் தெரியாது.

போலா என்ன செய்கிறாள்? குழந்தை இறந்துபோகிறது. பல வருடம் கழித்து பத்திரிகையில் அவன் படத்தைப் பார்க்கிறாள். பெரிய முதலாளியாகிவிட்டான். அவள் போய் அவனிடமே காரியதரிசியாக வேலைக்குச் சேருகிறாள், வேறு பெயரில். தினமும் எதிரே உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தான் உன் மனைவி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதில்லை. சொன்னால் கடமைக்காக ஏற்பான், தானாக ஞாபகம் வந்தால்தான் தனக்கு மனைவி என்ற இடம் என்று நினைக்கிறாள். பிறகு அவன் அரசியலில் இறங்கும்போது, கூட நிற்க ஒரு மனைவி தேவை என்று அவளையே மணந்துகொள்கிறான். காதலித்து அல்ல, காரியத்துக்காக! அப்போதும் அவள் சொல்லவில்லை.

கடைசியில் என்ன நடக்கிறது என்பது அந்தச் சாவியோடு சம்பந்தப்பட்டது. அவ்வளவுதான் சொல்வேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாவலில் இந்த மனைவிதான் அந்தப் போலா என்ற விஷயம் கடைசி வரியில்தான் நமக்குத் தெரியும். எழுத்தில் முகம் தெரியாதல்லவா, ஹில்டன் அழகாக ஒளித்துவிட்டார். சினிமாவில் அது முடியுமா? போலாவின் முகத்தை முதலிலேயே பார்த்துவிட்டோமே! அதனால் படமெடுத்தவர்கள் வேறு வழி செய்தார்கள். 'யார் அவள்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'எப்போது கண்டுபிடிப்பான்' என்ற தவிப்பை வைத்தார்கள். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது. இரண்டில் எது நல்லது என்று கேட்டால், நான் படத்தின் பக்கம்தான். ஒளித்து வைத்துக் காட்டினால் ஒரு தடவைதான் திடுக்கிடுவோம். தெரிந்துகொண்டு காத்திருப்பதுதான் கஷ்டம்.

இந்தப் படத்தின் சாயலில் வந்ததுதான் 1956இல் சிவாஜி, சாவித்திரி, பத்மினி நடித்த 'அமர தீபம்'. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். நினைவு தப்புமுன் ஒருத்தி, தப்பிய பின் ஒருத்தி. இடையில் மாட்டிக்கொண்டவன் பாடு சொல்லவேண்டியதில்லை.

அதற்கும் பிறகு 1982இல் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. இதில் நினைவிழப்பது பெண். விபத்தில் அடிபட்டுக் குழந்தை மனத்தோடு இருக்கும் ஸ்ரீதேவியைக் காப்பாற்றிப் பார்த்துக்கொள்பவர் கமல். அவர் அதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பதை எங்கள் இனத்துப் பெருமைக்காக இங்கே குறித்து வைக்கிறேன். வைத்தியம் பலித்து அவளுக்கு நினைவு திரும்புகிறது. திரும்பியதும், பார்த்துக்கொண்டவனைத் தெரியவில்லை. மழையில், ரயில் நிலையத்தில், அவளுக்குப் பிடித்த குரங்கு வேடிக்கையெல்லாம் செய்து காட்டுகிறான். யாரோ பைத்தியம் என்று நினைத்துப் போய்விடுகிறாள். ஆங்கிலக் கதையில் காத்திருந்தவளுக்கு ஒரு கதவு திறந்தது. நம் வாத்தியாருக்குத் திறக்கவில்லை. அந்தக் காட்சி வரும்போது எங்கள் அம்மா எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவார்.

குடும்ப ரகசியம் என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டால், வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலைத்தான் சொல்வேன். அதில் வரும் வைரக்கல் நம் நாட்டுப் பக்கத்துக் கல். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி கோயில் சொத்தைக் கொள்ளையடித்ததாகக் கதை தொடங்குகிறது. அந்தக் கல் இங்கிலாந்தில் ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாகப் போய்ச் சேருகிறது. அன்றிரவே காணாமல் போகிறது. அவளை விரும்பும் பிராங்க்ளின் என்பவனே முன்னின்று போலீசை அழைக்கிறான், தேடுகிறான். அவளோ அன்றிலிருந்து அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள். ஏன்? கல்லை எடுத்தது அவன்தான். அவள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்!

அவனுக்கோ ஒன்றும் ஞாபகமில்லை. அன்றிரவு அவனுக்கே தெரியாமல் ஒரு டாக்டர் பானத்தில் அபின் மருந்து கலந்து கொடுத்திருக்கிறார். மயக்கத்தில், கல் பத்திரமாக இருக்கவேண்டும் என்ற கவலையில், தானே எடுத்திருக்கிறான். அந்த டாக்டரும் காய்ச்சலில் விழுந்து நினைவு குழம்பிப்போகிறார். அவர் பிதற்றிய துண்டு வார்த்தைகளை உதவியாளர் ஒருவர் எழுதி வைத்து, இடையிடையே விடுபட்டதை நிரப்பி உண்மையைக் கண்டுபிடிக்கிறார். கல் அப்புறம் யார் கைக்குப் போனது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது அந்தப் பெண்ணைப் பற்றி. ஏறக்குறைய ஒரு வருடம் அவள் வாயைத் திறக்கவில்லை. "நீ எடுத்ததைப் பார்த்தேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால் கதையே இல்லை. அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற அன்பினால் பேசாமல் இருக்கிறாள். அந்த அன்பே இருவரையும் வாட்டுகிறது.

நிஜத்தில் இப்படியெல்லாம் மறந்துபோகுமா என்று அந்தப் பெண்ணே என்னிடம் கேட்டாள். டாக்டர்கள் எழுதியதைப் படித்த மட்டில் சொல்கிறேன். தலையில் அடிபட்டால் பெரும்பாலும் மறப்பது விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சில மணி நேரம், சில நாள். பெற்றவர்களையும் சொந்தப் பெயரையும் சேர்த்து மறப்பது மிக அபூர்வம். அதுவும் அடியைவிட மனத்தில் விழுந்த பேரதிர்ச்சியால்தான் வரும் என்கிறார்கள். இரண்டாவது தடவை மண்டையில் அடிபட்டால் நினைவு திரும்பும் என்பது சுத்த சினிமா. இருக்கிற நினைவும் போகலாம். தயவுசெய்து வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. திரும்பி வந்த நினைவெல்லாம் உண்மை நினைவும் அல்ல. 1995இல் அமெரிக்காவில் எலிசபெத் லோப்டஸ் என்ற மனவியல் பேராசிரியை ஒரு சோதனையை வெளியிட்டார். 24 பேரிடம், "சின்ன வயதில் நீங்கள் கடையில் தொலைந்து போனீர்கள்" என்று நடக்காத ஒன்றை நடந்த சம்பவங்களோடு கலந்து சொன்னார்கள். அவர்களில் 6 பேர், "ஆமாம், ஞாபகம் வருகிறது" என்றார்கள்!

துப்பறியும் கதை எழுதிய அகதா கிறிஸ்டியே ஒருமுறை காணாமல் போனவர்தான். 1926 டிசம்பர் 3ஆம் தேதி இரவு காடியை எடுத்துக்கொண்டு போனார். காடி கிடைத்தது, ஆளைக் காணோம். நாடே தேடியது. 11 நாள் கழித்து ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கண்டுபிடித்தார்கள். நினைவு தப்பிவிட்டது என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த ஹோட்டலில் அவர் எழுதியிருந்த குடும்பப் பெயர், அவர் கணவர் விரும்பிக்கொண்டிருந்த வேறொரு பெண்ணுடைய குடும்பப் பெயர். 1928இல் மணமுறிவு ஆயிற்று. அவர் இறந்த பிறகு 1977இல் வெளிவந்த சுயசரிதையில் அந்த 11 நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மறந்தாரோ, மறைத்தாரோ! சகுந்தலையின் ராஜா ஞாபகம் வருகிறார் இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாய் இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "உட்காருங்கள்" என்றேன். உட்காரவும் இல்லை.

"கதையைப் படிச்சிட்டு, 'அம்மா, நம்ம வீட்டுலயும் ரகசியம் ஏதாச்சும் இருக்கா'ன்னு கேக்குறா டீச்சர். வெளையாட்டுக்குத்தான் கேக்குறா." கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளைங்ககிட்ட எல்லாம் எந்த வயசுல சொல்றது டீச்சர்?" என்றார்.

என்ன ரகசியம் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1999இல் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வந்தது. பசியாறிவிட்டு, பசியாறவில்லை என்பார். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டு எத்தனையோ வருடமாகியும், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் வாளியைத் தேடுவார். முதுமையில் வரும் மறதி அப்படித்தானாம். புதியது முதலில் போகும், பழையது கடைசி வரை நிற்கும்.

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சர்க்கார் ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "நீ சொல்லு" என்பார்கள். பாட்டியும் தாத்தாவை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் மாலை. தாத்தா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பாட்டி உள்ளேயிருந்து வந்து, அவரைப் பார்த்து ஓர் ஆண் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சத்தமாக, மூன்று தடவை.

அது தாத்தாவின் பெயர் இல்லை.

அத்தை சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். அப்பா நிமிரவே இல்லை. தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னா புள்ள, இங்கதான இருக்கேன்" என்றார்.

அன்றிரவு அத்தைதான் சொன்னார். 1943இல் ஜப்பான்காரன் தோட்டத்துக்கு லாரி கொண்டுவந்து ஆள் பிடித்தபோது, பாட்டியின் முதல் கணவரும் அதில் ஏறினவர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்களே, அந்த மரண ரயில் வேலைக்கு. சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். அக்டோபரில் பாதை முடிந்தது. அவர் வரவில்லை. 1945இல் போர் முடிந்து, தப்பியவர்கள் காலெல்லாம் புண்ணோடு திரும்பி வந்தார்கள். அவர்களிலும் அவர் இல்லை. செத்தார் என்று சொல்ல யாருமில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் யாருமில்லை. அவர் போகும்போது பாட்டியின் வயிற்றில் இருந்த பிள்ளைதான் என் அப்பா. 1948இல் வேறு டிவிசனில் பால் வெட்டிக்கொண்டிருந்த தாத்தா பாட்டியைக் கட்டிக்கொண்டார். பிள்ளைக்குத் தன் பெயரையும் கொடுத்தார். அத்தை அதன் பிறகு பிறந்தவர்.

அப்பாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, பீலிக்கட்டையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சண்டை. இன்னொரு பையன், "உங்கப்பன் சயாமுக்குப் போனவன்டா, இவரு உங்கப்பன் இல்லடா" என்று கத்திவிட்டான். அப்பா வீட்டுக்கு ஓடி வந்து கேட்டார். பாட்டி கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதற்குப் பிறகு குடும்பமே வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டது. அப்பா மறுபடி கேட்கவே இல்லை. 46 வருடம். தன்னைப் பெற்றவரின் பெயர் என்னவென்று அன்று மாலை வாசலில்தான், 56 வயதில், அவர் முதன்முதலாகக் கேட்டார்.

கதைகளில் நினைவு திரும்பினால் ரகசியம் வெளிவரும். எங்கள் வீட்டில் நினைவு போனதால் வெளிவந்தது.

பாட்டி 2001 வரை இருந்தார். தாத்தாவை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தாத்தாவும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போவார். "உங்களுக்கு வருத்தமாக இல்லையா தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "தண்ணி கேக்குறா. அதுக்குத்தான கூப்புடுறா" என்றார்.

அந்தத் தாய் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பாட்டியைப் பற்றியோ தாத்தாவைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "உங்கப்பா அந்தப் பையனை அடிச்சாரா டீச்சர்?" என்றுதான் கேட்டார். அடித்தாராம். ஆனால் அந்தப் பையன் சொன்னது உண்மை என்பதால் அடித்ததில் திருப்தி இல்லை என்று அப்பா பின்னாளில் என்னிடம் சொன்னார்.

"எந்த வயதென்று என்னால் சொல்ல முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டேன். "ஆனால் தண்ணீர்க் குழாயடியில் வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அவள் மேற்படிப்புக்குப் பாரம் நிரப்பும்போது, ஏதாவது ஒரு கடுதாசியைப் பார்த்து அவளாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் அழுவாள், கோபப்படுவாள், இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். ஆனால் கேட்பதற்கு நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள்" என்றேன். பரீட்சை முடியட்டுமா என்று கேட்டார். பரீட்சைக்கு முன்பு வேண்டாம் என்று நானும் சொன்னேன். அது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் அறையும் ஒரு நல்ல காரணத்துக்காக விழுந்ததுதானே.

பெண்ணிடமும் பேசினேன். கதை படிக்காதே என்று சொல்லவில்லை. பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கவேண்டும், பரீட்சை முடியும் வரை வாரத்துக்கு ஒரு புத்தகம்தான் என்று பேச்சு. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "டீச்சர், அந்தப் போலா ஏன் சொல்லலை? நானா இருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்." அவள் அம்மா கொல்லைப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர்கள் இருந்தால், அவர்கள் பெயரும், எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள் என்பதும் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வாங்கி வையுங்கள். எனக்கு அனுப்பவேண்டும் என்பதில்லை. எங்கள் அப்பா அந்தப் பெயரை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தார். ஆடி அமாவாசைப் படையலில் அவர் இருந்தவரை ஓர் இலை கூடுதலாகப் போடுவோம். இப்போது அண்ணன் போடுகிறார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்